இணையத் தரகர் வழியே புதிய கார்: முன்பணம் கட்டும் முன் ஒரு வாசகிக்குச் சட்ட ஆலோசனை

கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியிருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. கணவரும் வேலையில் இருக்கிறார். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கத் தீர்மானித்து, வீட்டுக்கு அருகில் உள்ள அங்கீகாரம் பெற்ற டீலரின் ஷோரூமில் டெஸ்ட் டிரைவும் முடித்துவிட்டார்கள். பட்டியல் விலையில் 5 விழுக்காடு குறைத்துத் தருவதாக டீலர் சொல்லியிருக்கிறார். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளவும் அவர் தயார். அதற்கு அவர் தரும் விலை, வெளியில் விற்றால் கிடைப்பதைவிடப் புதிய கார் விலையில் 4 விழுக்காடு அளவுக்குக் கூடுதல். தேவைப்படும் கடனையும் வங்கி கேட்பதைவிட 2 விழுக்காட்டுப் புள்ளி குறைந்த வட்டியில் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்.

இதற்கிடையில் வாசகி இணையத்தில் ஒரு தரகு நிறுவனத்தைப் பார்த்திருக்கிறார். அதே மாடல், அதே நிறம், 14 விழுக்காடு தள்ளுபடி. கார் ஸ்டாக்கில் இருக்கிறது, டெலிவரிக் கட்டணம் தனி. இரண்டு நிபந்தனைகள்: முன்பணத்தை 48 மணி நேரத்துக்குள் தரகு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், எந்த டீலர் காரைத் தரப்போகிறார் என்பதை அதன் பிறகுதான் சொல்வார்கள். கணவர் இது மோசடிதான் என்கிறார். கணவரின் தம்பியோ சென்ற ஆண்டு ஒரு தரகர் வழியே வாங்கி எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். தரகரிடம் வாங்கினால் வாரண்டி கிடைக்காது, எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸும் செய்யமாட்டோம் என்று ஷோரூம் விற்பனையாளர் எச்சரித்திருக்கிறார். தரகர் நமக்காகத்தானே பேரம் பேசுகிறார், அதிலும் இணையத்தில் வாங்குவதால் பிடிக்காவிட்டால் 14 நாளில் திருப்பித் தந்துவிடலாமே என்பது வாசகியின் எண்ணம். பணம் கட்டலாமா, தவறு நடந்தால் யாரைப் பொறுப்பாக்குவது என்று கேட்கிறார். ஊரையும் நாட்டையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எங்கும் பொருந்தக்கூடியதை முதன்மையாகச் சொல்லி, சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் இடங்களில் சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு சிறு ஆறுதல். நீங்கள் குறிப்பிட்ட 48 மணி நேரக் கெடு இந்தப் பதில் வெளியாகும்போது முடிந்து நாளாகியிருக்கும். அந்தச் சலுகை இன்னும் அப்படியே இருக்கும் என்பது என் கணிப்பு. அது போயிருந்தாலும் அதைப் போன்ற இன்னொன்று வரும். ஆகவே அவசரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுவோம்.

தரகரா, டீலரா என்று இரண்டு கடைகளுக்கு இடையே தேர்ந்தெடுப்பதைப் போல உங்கள் வீட்டில் விவாதம் நடந்திருக்கிறது. உண்மையில், முறையாகத் தொழில் செய்யும் இணையத் தரகரிடம் பெரும்பாலும் கார் எதுவும் இருக்காது. அவர் உங்களை எங்கோ இருக்கும் ஓர் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் சேர்த்துவிடுகிறார். காரை உங்களுக்கு விற்பவர் அந்த டீலர்தான். உங்கள் ஊர் டீலரிடம் வாங்கினாலும் விற்பவர் டீலர், தரகர் வழியே போனாலும் விற்பவர் டீலர். இரண்டாவது வழியில் அவர் யார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவே. சட்டத்தின் பார்வையில் உங்கள் உரிமைகளில் ஏறக்குறைய எல்லாமே விற்பவரைச் சார்ந்தவை என்பதால், இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவையும் எடுக்க இயலாது.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது

14 விழுக்காடு என்றதும் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று உங்கள் கணவர் நினைப்பது இயல்பு. ஆனால் கார் வியாபாரத்தின் கணக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புலப்படாதது. ஒரு காரை விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் சிறிதாக இருக்கலாம். ஒரு காலாண்டில் இத்தனை கார்கள் என்ற இலக்கை எட்டினால் தயாரிப்பாளர் தரும் ஊக்கத்தொகைதான் அவருக்குப் பெரிது. இலக்கை எட்டியவுடன் அந்தக் காலாண்டில் விற்ற எல்லாக் கார்களுக்கும் சேர்த்து அந்தத் தொகை கிடைப்பதாக ஏற்பாடு இருந்தால், கடைசிச் சில கார்களை நட்டத்துக்குத் தள்ளிவிட்டாலும் அவருக்கு ஆதாயமே. அந்தக் கார்களைத் தன் ஊர் வாடிக்கையாளர்களுக்கு அதே விலையில் விற்றால், மறுநாள் வருபவர்களும் அந்த விலையையே கேட்பார்கள். ஆகவே தொலைவில் இருப்பவருக்கு, தன் பெயர் விளம்பரத்தில் தெரியாதபடி, தரகர் மூலமாக விற்கிறார். ஒவ்வொரு காருக்கும் தரகருக்கு ஒரு தொகை கொடுத்துவிடுகிறார்.

டீலர் பெயரை முதலிலேயே சொல்லாததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். பெயரைச் சொன்னால் வாடிக்கையாளர் நேராக அங்கே தொலைபேசியில் பேசிவிடுவார், தரகுத் தொகை போய்விடும். எனவே பெயரை மறைப்பதையே மோசடிக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லலாம். அதே சமயம், தரகரின் வியாபார வசதிக்காக நீங்கள் உங்கள் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டும் முன் விற்பவர் பெயர் தெரிந்தாக வேண்டும். அதற்கு உடன்படாத தரகரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

எல்லா நிறுவனங்களின் கார்களுக்கும் இப்படித் தள்ளுபடி கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெஸ்லா டீலர்களே இல்லாமல் நேரடியாக விற்கிறது. பிரிட்டனில் மெர்சிடிஸ்-பென்ஸ் 2023 ஜனவரி முதல் விலையைத் தானே நிர்ணயித்து, டீலர்களை வெறும் முகவர்களாக வைத்து விற்கும் முறைக்கு மாறியது. தயாரிப்பாளரே எங்கும் ஒரே விலை வைக்கும் இத்தகைய ஏற்பாட்டில் டீலருக்கு விலை குறைக்க இடமில்லை. அப்படிப்பட்ட காருக்கு யாராவது இரட்டை இலக்கத் தள்ளுபடி தருவதாகச் சொன்னால், அங்கே உங்கள் கணவரின் சந்தேகம் முழுக்க நியாயமானது.

தரகர் யாருக்காக வேலை செய்கிறார்

தரகர் உங்களுக்காகப் பேரம் பேசுகிறார் என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். அவருக்குப் பணம் தருபவர் டீலர். கார் கடன் ஏற்பாட்டில் கடன் நிறுவனமும் ஒரு கமிஷன் தரக்கூடும். உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து, எல்லா டீலர்களையும் விசாரித்து, மிகக் குறைந்த விலையைக் கொண்டுவர வேண்டிய சட்டக் கடமை, எழுத்தில் ஏற்றுக்கொண்டிருந்தால் ஒழிய, அவருக்கு இருப்பதாக நினைக்க முடியாது. ஐரோப்பாவில் கார் விநியோகம் பற்றிய 1985 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியிலேயே இடைத்தரகர் என்றொருவர் உண்டு. ஆனால் அவர், குறிப்பிட்ட காரை வாங்க வாடிக்கையாளர் முன்கூட்டியே எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர். அப்படி எழுத்தில் அதிகாரம் பெற்றவர் உங்கள் பிரதிநிதி. ஒரு வலைத்தளத்தில் பொத்தானை அழுத்தியதால் அறிமுகமானவர் பெரும்பாலும் அறிமுகம் செய்துவைப்பவர் மட்டுமே.

இதையே ஷோரூமுக்கும் பொருத்திப் பாருங்கள். காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசும் விற்பனையாளரும் உங்கள் ஆலோசகர் இல்லை. கார் கடன் கமிஷன் குறித்த வழக்குகளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தபோது, கடன் ஏற்பாடு செய்துதரும் டீலர் தன் லாபத்தை ஒதுக்கிவைத்து வாடிக்கையாளரின் நலனை மட்டுமே பார்க்க வேண்டிய நம்பிக்கைப் பொறுப்பாளர் இல்லை என்று கூறியது. ஆனால் அவற்றில் ஒரு வழக்கில், கடனுக்கான மொத்தக் கட்டணத்தில் 55 விழுக்காட்டுக்குச் சமமான தொகை கமிஷனாகப் போயிருந்ததையும், அது வாடிக்கையாளருக்குச் சரிவரத் தெரிவிக்கப்படாததையும் கருத்தில் கொண்டு, அந்தக் கடன் உறவு நியாயமற்றது என்று அவருக்குச் சாதகமாகவும் தீர்த்தது. ஆகவே தரகரிடமும் சரி, ஷோரூமிலும் சரி, இந்தக் கடனில் உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்படவைத்தது இந்த ஓரிடம்தான்: முன்பணம் தரகு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

ஒரு நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் போடும் பணம், தனியே பொறுப்புக் கணக்கில் வைக்கப்படாவிட்டால், அந்த நிறுவனத்தின் மற்றப் பணத்தோடு கலந்துவிடுகிறது. நிறுவனம் நொடித்துப்போனால், உங்களுக்குத் தர வேண்டிய தொகை ஈடில்லாக் கடனாகக் கருதப்படும். வங்கிகளும் ஈடு பெற்ற மற்றவர்களும் எடுத்துக்கொண்ட பிறகு மீதம் இருந்தால்தான் உங்கள் முறை வரும். மீதம் இருப்பது அரிது. இதில் தரகர் நேர்மையானவரா இல்லையா என்பதற்கே இடமில்லை; நேர்மையானவர்களின் நிறுவனங்களும் நொடிக்கின்றன. இந்த ஆபத்தை உணர்ந்துதான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், கார் தரகர் டீலர் உரிமமும் அதில் தரகுக்கான தனி ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும், வாடிக்கையாளருடன் எழுத்துமூல ஒப்பந்தம் செய்ய வேண்டும், வாங்கும் பணத்தைப் பொறுப்புக் கணக்கில் போட வேண்டும் என்றெல்லாம் விதித்திருக்கிறது. இத்தகைய ஏற்பாடு உங்கள் நாட்டில் இருந்தால், அந்த உரிமத்தின் எண்ணைக் கேட்டு, உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே சரிபாருங்கள்.

பணம் செலுத்தும் முறையும் முக்கியம். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம். கிரெடிட் கார்டில் செலுத்தினால், பொருள் வராதபோது வங்கி மூலம் முறையிட வழி உண்டு. பிரிட்டனின் 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் ஒரு படி மேலே போகிறது: 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, ஒரு பகுதியையேனும் கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், விற்பவர் செய்த தவறுக்குக் கார்டு நிறுவனமும் பொறுப்பாளியாகிறது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார்டு நிறுவனம் பணம் கொடுத்தது யாருக்கோ, உங்களோடு விற்பனை ஒப்பந்தம் செய்தவரும் அவராகவே இருக்க வேண்டும். முன்பணம் தரகருக்கும் ஒப்பந்தம் டீலருடனும் என்றால் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது என்று கார்டு நிறுவனம் வாதிடும். அந்த வாதத்துக்கு வலு உண்டு. எந்த நாட்டில் இருந்தாலும் இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றே: டீலரின் ஆர்டர் படிவம் உங்கள் பெயரில் வந்த பிறகு, முன்பணத்தை டீலருக்கே, முடிந்தால் கிரெடிட் கார்டில், செலுத்துங்கள். தரகரின் கணக்குக்கு எதையும் அனுப்ப வேண்டாம். சில தரகர்கள் சிறு தொகை ஒன்றைப் பதிவுக் கட்டணமாகக் கேட்பார்கள். போனால் போகட்டும் என்று விட முடிகிற தொகையாக அது இருந்தால் உங்கள் விருப்பம்.

ஆர்டர் படிவம் வந்ததும், அந்த டீலர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்பதைக் கார் தயாரிப்பாளரின் வலைத்தளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து, இந்த ஆர்டர் எண்ணும் என் பெயரும் உங்கள் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். படிவத்திலோ மின்னஞ்சலிலோ உள்ள எண்ணை அழைத்துச் சரிபார்த்துப் பயனில்லை. மோசடி செய்பவர் தன் எண்ணைத்தான் அங்கே தந்திருப்பார். மீதித் தொகையைச் செலுத்தும் நாளில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால், அன்றும் இதையே செய்யுங்கள்.

'புதிய கார்' என்றால் என்ன

ஸ்டாக்கில் தயாராக இருக்கிறது என்ற சொற்களை நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை சில கேள்விகளை எழுப்புகின்றன. இலக்கை எட்டுவதற்காக டீலர்கள் சில கார்களைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்வதுண்டு. ஓட்டப்படாதவையானாலும், சட்டப்படி அவற்றுக்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளர் இருந்துவிட்டார். நீங்கள் இரண்டாவது உரிமையாளர் ஆகிறீர்கள். வாரண்டிக் காலமும் பொதுவாக முதல் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். பின்னாளில் விற்கும்போதும் விலை குறையும். அப்படிப்பட்ட காருக்கு 14 விழுக்காடு என்பது பெரிய சலுகையே இல்லை. இன்னும் சில கார்கள் காட்சிக்கு வைக்கப்பட்டவையாகவோ, டெஸ்ட் டிரைவுக்கு ஓடியவையாகவோ, வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டவையாகவோ இருக்கலாம். கடைசி வகையில் வசதிகளும் வாரண்டி செல்லும் எல்லையும் மாறும். இவற்றை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து, அதற்கேற்ற விலையில் வாங்க வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2021 பிப்ரவரியில் முடிந்த ஒரு வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. கோவாவில் ஒருவர் 2011 மாடல் காருக்குப் பணம் செலுத்தியிருந்தார். டீலர் அவருக்குத் தர முற்பட்டது 2009 இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடிய கார். அவர் டீலர் மீதும் தயாரிப்பாளர் மீதும் வழக்குத் தொடுத்தார். கீழ்நிலை நுகர்வோர் ஆணையங்கள் இருவரையும் பொறுப்பாக்கின. ஆனால் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரும் டீலரும் தனித்தனி வணிகர்களாகச் செயல்படும் ஏற்பாட்டில், டீலரின் செயல் தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கப்படாதபோது, தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று அதை விடுவித்தது. பெரிய நிறுவனத்தின் கார்தானே, ஏதாவது ஆனால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். விற்பனையில் நடக்கும் ஏமாற்றுக்கு அந்த நம்பிக்கை உதவாது. விற்பவர் யார் என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. பணம் கட்டும் முன் காரின் 17 இலக்கச் சேஸி எண்ணைக் கேளுங்கள். அதை வைத்துத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையில், தயாரான மாதம், எந்த நாட்டுச் சந்தைக்கானது, வாரண்டி தொடங்கிவிட்டதா என்று விசாரிக்கலாம். ஆர்டர் படிவத்தில் 'இதுவரை பதிவு செய்யப்படாத புதிய கார், முதல் உரிமையாளர் வாடிக்கையாளரே' என்ற வரியும், தயாரான மாதமும், டெலிவரியின்போது ஓடியிருக்கக்கூடிய அதிகபட்ச கிலோமீட்டரும் இருக்கட்டும். கார் வந்த நாளில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. காரின் வயதுக்கு அது துல்லியமான சான்று ஆகாது என்றாலும், 'சென்ற மாதம் ஆலையிலிருந்து வந்தது' என்று சொன்னவரிடம் கேள்வி கேட்க அது போதும்.

வாரண்டியும் சர்வீஸும்

ஷோரூம் விற்பனையாளர் சொன்னது, சொன்ன வடிவில், தவறு. தயாரிப்பாளரின் வாரண்டி காரோடு செல்வது. அங்கீகாரம் பெற்ற டீலர், அதே சந்தைக்கான காரை, முறையான ரசீதுடன் விற்றிருந்தால், இடையில் தரகர் அறிமுகம் செய்துவைத்தார் என்பதற்காக அது மறைந்துவிடாது. அங்கீகாரம் பெற்ற மற்ற ஒர்க்‌ஷாப்புகளும் வாரண்டி வேலைகளைச் செய்து, அதற்கான தொகையைத் தயாரிப்பாளரிடம் பெற்றுக்கொள்கின்றன. அதனால் அவர்களுக்கு நட்டமில்லை. ஐயமிருந்தால் வாரண்டிப் புத்தகத்தின் நிபந்தனைகளை வாசியுங்கள், தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

அவர் சொல்லாமல் விட்ட ஓர் உண்மையும் உண்டு. வாரண்டி வேறு, விற்றவர் மீது உங்களுக்கு உள்ள சட்ட உரிமை வேறு. காரில் பெரிய குறை இருந்து அதைத் திருப்பித் தர நேர்ந்தால், பிரிட்டனில் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாட்களுக்குள் நிராகரிக்கும் உரிமை போல, அந்த உரிமையை விற்றவரிடம்தான் செலுத்த முடியும். அவர் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தால், உரிமை குறையாது. அதைப் பயன்படுத்தும் அலைச்சல் கூடும். உங்கள் இருவரின் வேலைச் சூழலில் அந்த அலைச்சலுக்கு ஒரு விலை வைத்துப் பாருங்கள்.

14 நாளில் திருப்பித் தருவது

இந்த எண்ணத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும், நேரில் சந்திக்காமல் தொலைவிலிருந்தே செய்துமுடித்த ஒப்பந்தங்களைப் பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை உண்டு. அங்கேயும் ஷோரூமுக்குப் போய்க் கையெழுத்திட்டால் அந்த உரிமை இல்லாமல் போகலாம். வாடிக்கையாளரின் தனிக் குறிப்புப்படி செய்யப்பட்ட பொருள் என்று டீலர் எதிர்வாதம் செய்யலாம். காரைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டி ஓட்டியிருந்தால் மதிப்புக் குறைவுக்குப் பணம் பிடிக்கலாம். அமெரிக்காவில் பலர் நம்பும் 'மூன்று நாள் விதி' வீட்டுக்கே வந்து விற்பவர்களுக்கானது. இணைய விற்பனைக்குப் பொருந்தாது. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்கும் நியாயமற்ற வணிகத்துக்கும் பரிகாரம் தருகிறது. மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. அதன் கீழ் வந்த 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் உங்களுக்குப் பயன்படும் வேறொன்று இருக்கிறது: பிறர் பொருளை விற்றுக்கொடுக்கும் இணையச் சந்தை, விற்பவரின் பெயர், முகவரி முதலிய விவரங்களைத் தன் தளத்தில் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இனி உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகர் வழியே 86, ஷோரூமில் 95, வித்தியாசம் 9. பழைய காருக்கு ஷோரூம் தரும் கூடுதல் 4 ஐக் கழித்தால் 5. விலையில் 60 பங்கைக் கடனாக வாங்கி 4 ஆண்டுகளில் மாதத் தவணையாக அடைப்பதாகக் கொண்டால், 2 விழுக்காட்டுப் புள்ளி வட்டிக் குறைவால் மிஞ்சுவது ஏறக்குறைய 2.5. தரகர் தனியே கேட்கும் டெலிவரிக் கட்டணத்தையும் கழித்தால், கடைசியில் நிற்பது 2 அல்லது அதற்கும் குறைவு. எக்ஸ்சேஞ்சில் கூடுதலாகத் தருவதும் வட்டியைக் குறைப்பதும் வேறு பெயரில் வரும் தள்ளுபடிகளே. ஷோரூம்காரர்கள் பெரும்பாலும் அவற்றைத் தனித்தனியாகச் சொல்வதால், நமக்கு 5 விழுக்காடு மட்டும்தான் கண்ணில் படுகிறது. உங்கள் கடன் தொகையும் காலமும் வேறாக இருந்தால் விடையும் மாறும். கடன் வாங்காமல் வாங்குபவருக்குத் தரகர் வழி தெளிவாகவே மலிவாக இருக்கும். உங்கள் கணவரின் தம்பி எப்படி வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். தரகரின் 14 விழுக்காடே அவர் சொல்லும் கடனை வாங்கினால்தான் என்ற நிபந்தனைக்கு உட்பட்டதா என்பதையும், டெலிவரிக்கு முன் தயாரிப்பாளர் விலையை உயர்த்தினால் யார் ஏற்பது என்பதையும் ஆர்டர் படிவத்தின் சிற்றெழுத்துகளில் தேடுங்கள்.

என் யோசனை

தரகரின் விலைமொழிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு முதலில் உங்கள் ஊர் ஷோரூமுக்குப் போங்கள். விற்பனையாளரிடம் பேசுவதைவிட மேலாளரிடம் பேசுங்கள். டெஸ்ட் டிரைவ் செய்துவிட்டு வேறிடம் போவது துரோகமாகுமோ என்று எழுதியிருந்தீர்கள், ஆகாது. அந்த உறுத்தல் உங்களுக்கு இருப்பதால், அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் போவது மனத்துக்கும் நல்லது. 14 விழுக்காட்டுக்கு அவர் இறங்கி வரமாட்டார். அவ்வளவு தேவையும் இல்லை. மேலே போட்ட கணக்குப்படி இன்னும் 2 விழுக்காடு குறைத்தாலே இரண்டு வழிகளும் ஒன்றாகிவிடும். காலாண்டின் கடைசி வாரத்தில் போனால் அதற்கான வாய்ப்புக் கூடுதல். அவர் இறங்கினால் அங்கேயே வாங்குங்கள். இது சட்டத்தைவிட உங்கள் குடும்பச் சூழலைப் பார்த்துச் சொல்வது: பழைய கார், கடன், நேரமின்மை மூன்றும் உள்ள உங்களுக்கு அருகில் இருக்கும் விற்பவர் அதிகம் பயன்படுவார்.

அவர் இறங்காவிட்டால் தரகருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'காரை விற்கும் டீலரின் பெயரும் முகவரியும், சேஸி எண்ணும், கார் இதுவரை பதிவு செய்யப்படவில்லை என்ற உறுதியும், எல்லாக் கட்டணங்களும் அடங்கிய மொத்த விலையும் தேவை. டீலரின் ஆர்டர் படிவம் என் பெயரில் வந்த பிறகு, முன்பணத்தை டீலருக்கே கிரெடிட் கார்டில் செலுத்துகிறேன். டீலர் காரைத் தர இயலாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் தெரிவிக்கவும்.' நல்ல தரகருக்கு இவற்றில் எதுவும் புதிதல்ல. சேஸி எண்ணைத் தவிர மற்றவற்றை அன்றே தந்துவிடுவார். மழுப்பினாலோ, மீண்டும் ஒரு கெடு வைத்தாலோ, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கார் வீட்டு வாசலுக்கு வரும் வழியைத் தேர்ந்தெடுத்தால், ஓட்டுநர் நீட்டும் டெலிவரிப் படிவத்தில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும். பகல் வெளிச்சத்தில் வரச்சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் சேஸி எண், ஓடிய கிலோமீட்டர், கீறல்கள், இரண்டாவது சாவி, பதிவு மற்றும் காப்பீட்டு ஆவணங்களில் உங்கள் பெயர் எல்லாவற்றையும் பார்த்து, குறை இருந்தால் அந்தப் படிவத்திலேயே எழுதிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் அவசரப்படுத்துவார், அவருக்கு அன்று இன்னொரு டெலிவரி இருக்கும். நீங்கள் நிதானமாகவே பாருங்கள்.